காலருக்கு அடியில் ஒரு பூ

ஆல்ப்ஸ் மலையில் எடல்வைஸ் என்று ஒரு செடி இருக்கிறது. சாண் உயரம்கூட இராது. அதன் உச்சியில் நட்சத்திரம் போல் விரிந்திருக்கும் வெள்ளை இதழ்கள் உண்மையில் இதழ்களே அல்ல. கம்பளி போர்த்திய இலைகள். அசல் பூக்கள் நடுவில் மஞ்சள் பொட்டுகளாக ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆறாயிரம் அடிக்கு மேலே, சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில், சுடும் வெயிலையும் வறட்டுக் காற்றையும் அந்தக் கம்பளிதான் தடுத்துக் கொடுக்கிறது. ஜெர்மன் மொழியில் பெயரின் பொருள் 'உயர்ந்த வெண்மை'.

எட்டாத இடத்தில் இருப்பதை மனிதன் சும்மா விடுவானா? காதலிக்குக் கொடுக்கவென்று ஏறியவர்களும், வந்துபோன அடையாளத்துக்கென்று பறித்தவர்களுமாகச் சேர்ந்து அதைக் காலி செய்யப் பார்த்தார்கள். 1878-லேயே ஸ்விட்ஸர்லாந்தின் ஓப்வால்டன் மாநிலம், வேரோடு பிடுங்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டியதாயிற்று.

செடியைச் சட்டம் காத்தது. பெயரை யார் காப்பது? 1907-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் இந்தப் பூவைத் தம் மலைப்படைக்குச் சின்னமாகக் கொடுத்தார். பின்னர் அது ஹிட்லரின் மலைப்படையினர் தொப்பியில் ஏறியது. 1942-ல் காக்கஸஸ் எண்ணெய் வயல்களைப் பிடிக்கக் கிளம்பிய படையெடுப்புக்கும் இதே பெயர்தான். 1943 செப்டம்பரில் கெஃபலோனியா என்ற கிரேக்கத் தீவில், சரணடைந்துவிட்ட இத்தாலியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்களே, அந்தத் துப்பாக்கிகளுக்குப் பின்னாலும் இந்த வெள்ளை நட்சத்திரம் இருந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் ஜெர்மனியிலேயே வேறு சிலரும் இதை அணிந்தார்கள். ரைன் நதிக்கரைத் தொழில் நகரங்களின் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள் அவர்கள். ஹிட்லரின் இளைஞர் படையில் எல்லாரும் சேர்ந்தே தீரவேண்டும் என்றது அரசாங்கம். இவர்கள் அணிவகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, கட்டம் போட்ட சட்டையும் கிதாருமாகக் காடு மேடெல்லாம் சுற்றினார்கள். தடுக்கப்பட்ட பாட்டுகளைப் பாடினார்கள். சட்டைக் காலருக்கு அடியில் உலோகத்தில் செய்த ஒரு சின்ன எடல்வைஸ். 'எடல்வைஸ் கொள்ளைக்காரர்கள்' என்று பெயர். முதலில் விளையாட்டுதான். போர் முற்ற முற்ற, விளையாட்டு வினையாயிற்று. கோலோன் நகரத்தின் எஹ்ரன்ஃபெல்ட் பகுதியில், முகாமிலிருந்து தப்பியவர்களோடும் படையை விட்டு ஓடிவந்தவர்களோடும் சில பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். திருடினார்கள், ஒளித்து வைத்தார்கள், சுடவும் சுட்டார்கள்.

1944 நவம்பர் 10-ந் தேதி, எஹ்ரன்ஃபெல்ட் ரயில் நிலையத்தருகே, ஊர் பார்க்க 13 பேரைத் தூக்கிலிட்டார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கவேயில்லை. அவர்களில் பார்தலமேயுஸ் ஷிங்க் என்ற பையனுக்கு வயது 16.

போர் முடிந்த பிறகும் அந்தப் பையன்களைப் போக்கிரிகள் என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யூதர்களுக்கு உதவியவன் என்று ஷிங்கை 1984-ல் ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் கௌரவித்தது. சொந்த ஊர் அதிகாரம் அவர்களை எதிர்ப்புப் போராளிகள் என்று ஒப்புக்கொள்ள 2005 ஆயிற்று.

தூக்குமரம் நின்ற இடத்தருகே இப்போது ஷிங்கின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஜெர்மானிய மலைப்படையினர் இன்றும் தொப்பியில் அந்தப் பூவைத்தான் அணிகிறார்கள்.