புதுப்பேட்டையும் பழைய உதிரிபாகங்களும்

ஓட்டத்துக்கு உதவாத மோட்டார் வண்டிகளை வாங்கி உடைத்து, எஞ்சின், கியர் பாக்ஸ், கதவு, கண்ணாடி எனத் தனித்தனியே விற்கும் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற இடம், சென்னையில் எழும்பூரை அடுத்துக் கூவம் கரையில் அமைந்த புதுப்பேட்டை. ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலை போன்ற ஊர்களின் பட்டறைக்காரர்களும் கிடைத்தற்கரிய பாகங்களைத் தேடி வந்த சந்தை அது.

இத்தொழிலைத் திருட்டோடு சேர்த்தே பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதை வளர்த்ததில் அரசின் தொழிற்கொள்கைக்கே பெரும்பங்கு உண்டு. வெளிநாட்டுப் பாகங்களைத் தருவித்து இங்கே பூட்டி விற்பதோடு நின்ற நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்ற கருத்தை 1953இல் காப்புவரி ஆணையம் முன்வைக்க, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்த ஆண்டுக்குள் உற்பத்தியை நிறுத்தின. அவை விற்ற கார்களும் லாரிகளும் சாலையில் ஓடிக்கொண்டிருக்க, புதிய பாகங்களின் வரத்து சுருங்கியதால், ஒரு வண்டி ஓட இன்னொன்று உடைபட வேண்டியதாயிற்று.

உள்நாட்டில் உருவான வண்டிகளும் இத்தொழிலுக்குத் துணைநின்றன. அம்பாசிடர் 1958 முதல் 2014 வரை அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல் வெளிவந்ததால், யாத்திரிகரை ஏற்றித் திருவண்ணாமலை வந்த வாடகைக் காருக்கு, அதைவிடப் பல ஆண்டு மூத்த காரின் பாகம் பொருந்தியது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உடற்பகுதிகளோ, தனியான அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. உடைப்பவருக்கு இதைவிட வசதியான வண்டி கிடைத்திருக்க முடியாது. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1988இல் கார் உற்பத்தியை நிறுத்திய பின், அதன் கார்களை வைத்திருந்தோருக்குப் பழைய பாகக் கடைகளே கதியாயின. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்பச் சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்தும் லேத் பட்டறைகளும் இவ்வணிகத்தையொட்டிப் பிழைத்தன. லாரியின் பழைய அச்சும் டயரும் மாட்டு வண்டிக்கு மாறி, நெல்லும் கரும்பும் சுமக்கும் 'டயர் வண்டி' ஆயின.

திருட்டு வண்டிகள் இச்சந்தையில் கலந்ததையும் மறுப்பதற்கில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, அழிந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு தெரிவிக்கப்படாத வண்டி, உடைபட்ட பின்னும் ஏட்டில் உயிரோடிருந்ததால், அதன் பதிவைத் திருட்டு வண்டிக்குப் பயன்படுத்த வழியிருந்தது.

2021இல் அறிவிக்கப்பட்ட வாகன உடைப்பு விதிகள், இப்பணியைப் பதிவுபெற்ற நிலையங்களின் பொறுப்பில் வைத்து, எண்ணெய், மின்கலம் போன்ற நச்சுப் பொருள்களை முறையாக அகற்றுவதையும் கட்டாயமாக்கின. சுற்றுச்சூழல் நோக்கில் இது வேண்டியதே. ஆயினும் நடைபாதையை ஒட்டிய சிறு கடையில் ஸ்பானரோடு தொழில் கற்றவர், அத்தகைய நிலையத்துக்கான இடத்தையும் முதலையும் திரட்டுவது எளிதன்று. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதும் 2023 ஏப்ரல் 1 முதல் நின்றுவிட்டது. அவற்றை இனி பதிவுபெற்ற நிலையங்களில்தான் உடைக்க வேண்டும்.