கராச்சிக் கடலில் ஓர் இரவு

முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடியை அடுத்த திரேஸ்புரத்துக் கரையில் வளர்ந்தவன் நான். வலைஞரும் சங்கு குளிப்போரும் வாழும் அவ்வூரில் கடல் என்பது சோறு தரும் வயல். அதே கடல் நாட்டின் வாயிலும் ஆகும் என்பதை எனக்கு உணர்த்தியது கடற்படைத் தலைவர் கே. பி. கோபால் ராவ் அவர்களின் வரலாறு. மாணவ நண்பர்கள் அதனை அறிதல் நன்று.

கோபால் ராவ் 1926-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். வைகைக் கரையில் பிறந்தவர் வாழ்வைக் கடலுக்கு அளித்தார். 1971-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது அவருக்கு வயது 45. 'கில்டான்' என்னும் போர்க்கப்பலுக்கு அவர் தலைவர். இலட்சத்தீவுகளுள் ஒன்றின் பெயரே அக்கப்பலின் பெயர்.

கராச்சித் துறைமுகத்தைத் தாக்குவதெனக் கடற்படை முடிவு செய்தது. அதற்கு அமைந்தவை சோவியத் நாட்டிலிருந்து வந்த ஏவுகணைப் படகுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 டன் எடையே உள்ள சிறு கலம். ஆயினும் நான்கு ஏவுகணைகளைத் தாங்கியது. கரையோரக் காவலுக்கென அமைந்தமையால் நெடுந்தொலைவு செல்ல அவற்றால் இயலாது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் கருவியும் அவற்றில் இல்லை. ஆகவே 'நிர்காட்', 'நிபாட்', 'வீர்' என்னும் மூன்று படகுகளுக்குத் துணையாகக் 'கில்டான்', 'கட்சால்' ஆகிய இரு கப்பல்கள் சென்றன.

இத்துணையின் அருமையை எங்கள் கரையார் எளிதில் உணர்வர். முத்துச் சலாபத்தில் நீருள் பாய்பவனையே உலகம் புகழும். ஆனால் அவன் உயிர் மேலே கயிறு பிடித்து நிற்பவன் கையில் இருக்கிறது. அதனால்தான் மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்பர். அன்று கில்டான் ஏற்றதும் அத்தகைய பொறுப்பே.

திட்டம் நுண்ணியது. பகைவரின் விமானங்கள் இரவில் கப்பலைத் தாக்கும் ஆற்றல் குன்றியவை. எனவே பகலெல்லாம் அவற்றின் எல்லைக்கு அப்பால் நின்று, இருள் கவிந்தபின் விரைந்து சென்று தாக்கி, விடியுமுன் விலகிவிட வேண்டும். டிசம்பர் 4-ஆம் நாள் இரவு அவ்வாறே படை வடக்கு நோக்கிச் சென்றது.

நிர்காட் விடுத்த ஏவுகணைகள் 'கைபர்' என்னும் நாசகாரிக் கப்பலை வீழ்த்தின. தம்மைத் தாக்கியது விமானம் என்றே கருதி, அக்கப்பலார் அவ்வாறே செய்தி அனுப்பினர்! 'முகாபிஸ்' என்னும் கண்ணிவாரிக் கப்பல் செய்தி அனுப்பவும் நேரமின்றி மூழ்கியது. 'வீனஸ் சாலஞ்சர்' என்னும் சரக்குக் கப்பலும் அழிந்தது. கராச்சியின் கியாமாரி எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றின. 1914-இல் எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கதையை நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய காட்சியை அன்று கராச்சி கண்டது. நம் படையிலோ ஒரு கலமும் அழியவில்லை.

இவ்வெற்றிக்காகக் கோபால் ராவுக்கும், ஏவுகணைப் படகுகளின் தலைவர் பப்ரு பான் யாதவுக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருது அது. டிசம்பர் 4-ஆம் நாளே கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆயினும் வெற்றியின் மறுபுறத்தையும் நோக்கல் வேண்டும். கைபரில் மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து நாள் கழித்து நம் 'குக்ரி' கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலை விட்டு அகலாது அதனோடு ஆழ்ந்தார். அவரோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளுமாக 194 பேரை நாம் இழந்தோம். கடல் இரு நாட்டுத் தாய்மாரையும் ஒருங்கே அழவைத்தது. வலை வீசச் சென்றவன் திரும்பாத வீட்டின் துயரை அறிந்த எங்கள் கரைக்கு இது புதிதன்று.

கோபால் ராவ் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 94-ஆம் வயதில், சென்னையில் மறைந்தார். பகைவரின் வாயில்வரை பிறரை அழைத்துச் செல்வது ஒரு துணிவு. அழைத்துச் சென்றவரை மீட்டுக் கொணர்வது அதனினும் பெரிய கடமை. இரண்டையும் ஒரே இரவில் நிறைவேற்றிய தலைவருள் அவர் ஒருவர். மாணவர்களே, பதக்கத்தின் ஒளியில் நீங்கள் காணவேண்டியது அந்தக் கடமையைத்தான்.