பால்வாடிக்கு நடந்து வர முடியாத குழந்தை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இன்று காலை எங்கள் பெரிய முதலியார்சாவடியில் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி எதிரே வந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "அங்கன்வாடிக்கு சார். ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு, இனிமே சேத்துக்குவாங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் பழைய நினைவு ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

1985 வாக்கில் மரக்காணம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண். கோடை நெருங்க நெருங்க வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வெறும் விடுப்பாகவே இருக்கும். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரிக் கரை சேர்க்க வேண்டும். ஒரு நாள் எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வந்துவிட்டாள். "பாத்துக்க ஆள் இல்ல சார்" என்றாள். குழந்தை அழுதது. "வீட்ல விட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவேயில்லை.

அன்று நான் விதியைத்தான் பார்த்தேன். அந்த நிலைமைக்கு விடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பது ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

1945-இல் அன்றைய பம்பாய் மாகாணத்தின் கடற்கரை ஊரான போர்டியில் தாராபாய் மோடக் என்ற கல்வியாளர், அனுதாய் வாக் என்ற ஆசிரியையுடன் சேர்ந்து ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் ஆசிரியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போய்ப் பாடம் நடத்தினார். முற்றத்தில் நடந்ததால் அது 'அங்கன்வாடி' ஆயிற்று. பிறகு கோஸ்பாடில், வார்லி பழங்குடி மக்கள் நடுவே, குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். காரணம் எளிது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால்தான் அக்கா வகுப்பில் உட்கார முடியும்.

1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. தமிழ் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள் அவர். மூன்றாண்டு கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. அதில் ஆறு சேவைகள்: கூடுதல் உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு உணவு பற்றியும் உடல்நலம் பற்றியும் சொல்லிக் கொடுத்தல். மோடக் வைத்த பெயரை அரசு எடுத்துக்கொண்டது. கோஸ்பாடின் காப்பகம் அந்த ஆறில் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல முயற்சியும் நடந்தது. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளைத் தேடிப் போனது. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைப்பார். கோடு மேலே ஏறாவிட்டால் அந்தக் குழந்தைக்கு 90 நாள் சத்துணவு உண்டு. அதோடு அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவார். கஞ்சி எப்போது கொடுக்க வேண்டும், பேதியானால் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சுதான். திட்டம் நடந்த ஊர்களில் கடுமையான எடைக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை குழந்தைகள் மையத்திலும், அதற்கு மேல் பள்ளியிலும் சோறு கிடைத்தது. அந்தச் சோற்றின் அருமையை என் வகுப்பறையில் கண்ணால் கண்டவன் நான். மதியத்துக்குப் பிறகும் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தார்கள். ஆனால் நம் மக்கள் மனதில் 'பால்வாடி' என்றால் சோறு போடும் இடம், நடக்கத் தெரிந்த பிள்ளை போகும் இடம் என்றே பதிந்துவிட்டது. இடுப்பில் இருந்த எட்டு மாதக் குழந்தைக்கு அங்கே இடம் இல்லை.

அந்தக் குழந்தைக்குச் சோறு மட்டும் போதுமா? ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் 1986 வாக்கில் இதைத்தான் சோதித்தார். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், 9 முதல் 24 மாத வயதுள்ளவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், குழந்தையோடு எப்படிப் பேசுவது, வீட்டுச் சாமான்களை வைத்து எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டாண்டு அவ்வளவுதான் நடந்தது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

நம் நாட்டிலும் 2024-இல் மத்திய அரசு, பிறந்தது முதல் மூன்று வயது வரை வீட்டில் குழந்தையோடு என்ன விளையாடலாம் என்பதற்கு 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. நல்ல காரியம். தாயும் பாட்டியும் தாலாட்டிலும் நிலாச்சோற்றிலும் செய்துவந்ததுதான் அது. ஆனால் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போகும் தாய்க்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? அவள் வேலை நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். 1945-இல் தொடங்கியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது.

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு 'சாவடி' இருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். உப்பளத்தின் ஓரத்தில், அதிகாலையிலேயே திறக்கும் ஒரு சாவடி கைக்குழந்தைகளுக்கும் இருந்திருந்தால், நான் அன்று அந்தப் பெண்ணிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

அவளுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். அவளும் இப்படி ஒரு பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்க்கொண்டிருக்கலாம்.

தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்ததால் படிப்பை விட்ட அக்காமார் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று மட்டும் சொன்னால் போதும்.