குளமும் கோடும்: வன்னி நீர்ப்பாசனப் படங்களும் படவரைஞர் தொழிலும்

ஈழத்து வரலாற்றாய்வில் குளங்கள் பெற்றுள்ள கவனம் குறைவானதன்று. எந்தக் குளத்தை எந்த மன்னன் கட்டினான் என்னும் வினாவைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதம் நடைபெற்று வந்துள்ளது. ஆயின், அவ்விவாதத்திற் சான்றாகக் காட்டப்படும் படங்களை வரைந்தோர் யாவர், எவரிடம் கற்றனர், எவருக்குக் கற்பித்தனர் என்பன அரிதாகவே வினவப்பட்டுள்ளன. காவியத்தை ஆராய்வோர் ஏட்டைப் பெயர்த்தெழுதியவனை மறந்துவிடுவதை ஒத்ததே இது. வன்னிப் பெருநிலத்தை முன்வைத்து அவ்வினாவை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தை எதிர்ச்சான்று இல்லாதவிடத்து முடிக்குரியதாகக் கொண்டது. 1897இன் தரிசு நிலச் சட்டம் அப்போக்கை மேலும் வலுப்படுத்தியது. காடும் சேனைப் பயிர்ச்செய்கையும் பரந்திருந்த வன்னி போன்ற பிரதேசத்தில் இதன் பொருள் தெளிவானது. ஆண்டு தோறும் இடம் மாறும் சேனைக்கு எல்லைக்கோடு இல்லை. கோடில்லாத நிலத்துக்கு உரிமையாளனும் இல்லை. ஆகவே நில அளவைப்படம் உள்ளதை உள்ளவாறு காட்டும் கண்ணாடி மட்டுமன்று. உடைமை உறவுகளை உருவாக்கும் கருவியுமாகும். அதை வரைந்தவன் அறிந்தோ அறியாமலோ அவ்வுருவாக்கத்திற் பங்குகொண்டான்.

இதே கருவி பிறிதொரு பணியையும் ஆற்றியது. நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 1885இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவிற் குளம் அமைக்கும் திட்டத்தை வகுத்தார். பதினைந்து ஆண்டுகள் கழிந்து 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக அமைக்கப்பட்டது. இரணைமடுவின் கட்டுவேலை 1902இலேதான் தொடங்கிற்று. பாக்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூல், படம் எவ்வாறு வரலாற்றுச் சான்றாகின்றது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அணைக்கட்டினுள் அமைந்த சதுரக் கிணறு போன்ற அறையை அளந்த அவர், அது நீரின் வேகத்தையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தும் அமைப்பு என விளக்கினார். ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கையாண்ட அமைப்பை இந்நாட்டார் பல நூற்றாண்டுகட்கு முன்பே கண்டிருந்தனர் என்பது அவர் முடிபு. செங்கல்லின் நீள அகலங்களை அளந்து கட்டடங்களின் காலத்தைக் கணிக்கவும் அவர் முயன்றார். இம்முடிபுகளை எய்த அளவெடுப்பும் குறுக்குவெட்டுப் படமும் துணைநின்றன. குளக்கட்டின்மீது நின்று பார்ப்பவனுக்குப் புல்லும் கல்லுமே தெரியும். கட்டைக் கத்தியால் வெட்டியது போலக் காட்டும் குறுக்குவெட்டிலேதான் துருசின் உள்ளமைப்பும், நீர் செல்லும் வழியும், சரிவின் அளவும் ஒருங்கே புலனாகின்றன.

அத்தகைய படம் தனியொருவரின் ஆக்கமன்று. சங்கிலி பிடிப்பவரும், அளவுக்கோல் நாட்டுபவரும், காடு வெட்டிப் பார்வைப்பாதை திறப்பவரும் முதலில் உழைக்கின்றனர். 66 அடி நீளமுள்ள சங்கிலியால் அளந்து பெற்ற எண்கள் களப்புத்தகத்தில் ஏறுகின்றன. அலுவலகத்திற் படவரைஞர் அவற்றை அளவுத்திட்டத்துக்கு அமையக் கோடாக்குகின்றார். பின்னர் மற்றொருவர் அதனை கஞ்சிப்பசையூட்டிய துணியில் மையாற் பெயர்த்தெழுதுகின்றார். ஜோன் ஹேர்ஷல் 1842இற் கண்டறிந்த நீலப்பிரதி முறை நடைமுறைக்கு வந்தபின், அத்துணியிலிருந்து வெயிலின் துணையாற் பல பிரதிகள் எடுக்க முடிந்தது. ஒன்று பொறியியலாளரிடமும், ஒன்று வேலைத்தலத்திலும், ஒன்று கச்சேரியிலும் இருக்கலாயிற்று.

கைத்தொழில் நுட்பம் இம்மேசைகளுக்கிடையிலேதான் கைமாறிற்று. மையைக் கசியவிடாமற் பேனாவின் அலகைத் திருகுதல், சரிவின் செங்குத்தைக் குறுங்கோடுகளின் நெருக்கத்தாற் காட்டுதல், எழுத்துக்களைச் சீராக இடுதல் ஆகியவற்றை நூலிற் படித்தறிதல் அரிது. மூத்தவரின் தாளைப் பார்த்தும், தன் தாளைக் காட்டித் திருத்தம் பெற்றும் இளையவர் பழகினார். கற்பித்தலும் விமர்சனமும் அங்கு ஒன்றே. அதே வேளையில் படத்தின் மூலையிலுள்ள சிறுகட்டத்தை நோக்குக. வரைந்தவர், பெயர்த்தவர், சரிபார்த்தவர் என்போர் பெயரின் முதலெழுத்துக்களாக ஒடுங்க, ஒப்பமிட்ட அதிகாரி முழுப்பெயராக நிற்பதே வழமை. சங்கிலி பிடித்தவனுக்கு முதலெழுத்தும் இல்லை. மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்குமிடையே வர்க்க சமுதாயம் இடும் பிரிவினை, இரண்டு அங்குலக் கட்டத்துள் இவ்வாறு பதிவாகியுள்ளது.

கிராமத்தார் இத்தகைய படம் வரைந்திலர். ஆனால் அவர்தம் சொற்றொகுதி தானே ஒரு படமாகும். அலைகரை, கட்டு, துருசு, வான், வாய்க்கால் என்னும் சொற்களை வரிசைப்படுத்தினால் நீர் வந்து தங்கி வெளியேறும் நெறி முழுவதும் தோன்றும். காலபோகம், சிறுபோகம் என்பன அந்நெறியின் கால அட்டவணை. குளம் வான் பாய்கின்றது என்ற ஒரு தொடரில் உயரம், கொள்ளளவு, அபாயம் ஆகிய மூன்றும் அடங்குகின்றன. எனினும் இவ்வறிவை இலட்சியப்படுத்தல் தகாது. துருசுக்கு அண்மையில் வயல் கொண்டவனும் வாய்க்காலின் கடைமடையில் வயல் கொண்டவனும் சமமாக நீர் பெற்றார்கள் எனக் கொள்வதற்கில்லை. சொல்லாயினும் கோடாயினும், அறிவு எவர் கையில் உள்ளது என்பதே வினா.

கோட்பாட்டு விவாதத்திலும் இதன் தொடர்பைக் காணலாம். ஆசிய நாடுகளில் நீர்ப்பாசனப் பொதுவேலைகளை மத்திய அரசே ஆற்றவேண்டியிருந்தது என மார்க்ஸ் 1853இல் எழுதினார். விற்ஃபோகல் 1957இல் அதனைச் சர்வாதிகாரக் கோட்பாடாகத் திரித்தார். எட்மன்ட் லீச் 1959இல் இலங்கைச் சான்றைக் கொண்டு அதனை மறுத்தார். வன்னிக்குத் தெற்கே நுவரகலாவியவிலுள்ள புல்எலிய கிராமத்தை 1954இல் ஆராய்ந்த லீச், 1900 அளவில் வரையப்பட்ட கிராமப்படத்தைத் தாம் கண்ட நிலத்துடன் ஒப்பிட்டார். 1961இல் வெளிவந்த அவரது நூல் பெரிதும் அவ்வொப்பீட்டின் மீதே எழுந்தது. பெயரறியாப் படவரைஞர் ஒருவரின் கோடு இவ்வாறு உலகப் புகழ்பெற்ற சமூகவியல் வாதமொன்றுக்கு அடித்தளமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டிற் படத்தின் வலிமை மேலும் பெருகியது. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தைத் தொடர்ந்த குடியேற்றங்களிற் கோடு முந்தியது, மனிதர் பிந்தினர். கிளிநொச்சியின் வாய்க்கால்களும் காணித்துண்டுகளும் முதலிற் தாளில் எழுந்து பின்னரே காட்டில் இறங்கின. நிலமற்ற யாழ்ப்பாண உழவன் பெற்ற நன்மையை இங்கு மறுத்தலாகாது. அவன் பெற்றது இலக்கமிடப்பட்ட ஒரு துண்டு. அத்துண்டுக்குச் சான்று ஒரு படம்.

2009இல் முடிவுற்ற போரில் இடம்பெயர்ந்து திரும்பியோருட் பலர் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் இழந்திருந்தனர். காணி எங்கு முடிகின்றது என நிறுவ வேண்டிய நிலையில், பழைய நில அளவைப்படமே ஏழைக் குடியானவனின் கடைசிச் சாட்சியாயிற்று. ஒருகாலத்தில் அவன் முன்னோரின் சேனையை முடிக்குரியதாக்கிய அதே கருவி இன்று அவனுக்காகவும் பேசக்கூடும் என்பது வரலாற்றின் முரணியக்கமாகும்.

எனவே இரு பணிகள் எம்முன் உள்ளன. எஞ்சியுள்ள படங்களைத் தொகுத்து, மக்கள் எளிதிற் பார்க்கத்தக்க இடத்தில் வைத்தல் ஒன்று. ஓய்வுபெற்ற படவரைஞரிடமும் நில அளவையாளரிடமும் சங்கிலி பிடித்த தொழிலாளரிடமும் தொழிலறிவைக் கேட்டு எழுதிவைத்தல் மற்றொன்று. ஏடு தேடி ஊரூராய் அலைந்த பதிப்பாசிரியர்களை நாம் போற்றுகின்றோம். அவ்வுழைப்பின் ஒரு பகுதியேனும் இக்கோடுகளுக்கும் உரியது.