திருச்சபைப் பதிவேடும் குடும்ப வரலாறும்

ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைத் திருச்சபைதோறும் பதிந்துவைக்க இங்கிலாந்தில் 1538இல் கட்டளை பிறந்தது. ஆண்டுதோறும் பேராயருக்குப் பிரதி அனுப்பும் முறை 1598இல் விதிக்கப்பட்டது. ஆதலால் சிற்றூரில் மூலம் அழிந்தாலும் சந்ததியார் தம் முன்னோரைப் பிரதியில் காண்கின்றனர்.

இராமநாதபுரக் கடற்கரையில் பரதவ கத்தோலிக்கர் பலர் போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர் தாங்கினும், ஏனையோர் பெரும்பாலோர்க்கு அஃது இல்லை. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகச் சுருங்கி, பேரன் காலத்தில் மறைகிறது. ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் பெற்றவரை அவர்தம் முன்னோரோடு இணைப்பது பெரும்பாலும் பதிவேட்டின் ஒரு வரியே.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ஆலயமே இடிந்தது. உப்புக்காற்றும் கரையானும் ஏடுகளை ஓசையின்றி அழிக்கின்றன. ஆகவே போதகர் பெற்றோர் பெயர், சொந்த ஊர், முன்னைய பெயர் ஆகியவற்றை முழுமையாக எழுதி, பிரதியொன்றைக் கரைக்குத் தொலைவில் வைத்துக் காப்பாராக.