மென்பொருட் களஞ்சியங்களும் பெயரிடலும்: டெபியன் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1995 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐந்து இறுவட்டுகள் கொண்ட தொகுதியொன்றிலே "டெபியன் 1.0" எனப் பெயர் தாங்கிய மென்பொருள் ஒன்றும் இடம்பெற்றிருந்தது. அப்பெயருக்குரிய வெளியீடு அன்று நிறைவெய்தியிருக்கவில்லை. இனிமேலும் அது வெளிவரப்போவதில்லை. ஒரு பெயர் முந்திக்கொண்டமையால் நேர்ந்த இவ்விடர், மென்பொருட் களஞ்சியங்களுக்குப் பெயரிடும் முறையின் வரலாற்றில் ஒரு தொடக்கமாக அமைந்தது எனலாம்.

டெபியன் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவமாகும். பேர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மேர்டொக் 1993 ஆகஸ்ட் 16 இல் இதனை அறிவித்தார். தன்னார்வலர் பலர் கூடி ஆக்கிய மென்பொருள்கள் வழங்கிகளிலே களஞ்சியங்களாகத் தொகுத்து வைக்கப்பட்டன. பயனரின் கணினியிலுள்ள சிறு கோப்பொன்றில் எக்களஞ்சியத்தின் பெயர் எழுதப்பட்டுள்ளதோ, அதிலிருந்தே அக்கணினி தன்னை இற்றைப்படுத்திக்கொள்ளும். பெயர் பிழைத்தால் உள்ளே வருவதும் பிழைத்துவிடும்.

1995 இல் நிகழ்ந்தது இதுவே. ஆக்கப்பணி முற்றுப்பெறாத பதிப்பொன்றை இறுவட்டு நிறுவனம் எடுத்து, 1.0 எனப் பெயரிட்டு விற்றுவிட்டது. அது ஒழுங்காக இயங்காது என டிசெம்பர் 11 இல் இரு தரப்பினரும் கூட்டாக அறிவித்தனர். விற்கப்பட்ட இறுவட்டுகளைத் திரும்பப் பெறுதல் எளிதன்று. ஆகவே டெபியன் குழுவினர் எண்ணையே விட்டுக்கொடுத்தனர். 1996 ஜூன் 17 இல் வெளிவந்த முதலாவது செம்மைப் பதிப்பு 1.1 என்றே எண்ணிடப்பட்டது.

அதற்கு "பஸ்" என்னும் பெயரும் இருந்தது. அன்று குழுவின் தலைவராயிருந்த புறூஸ் பெரன்ஸ், பிக்ஸார் நிறுவனத்திற் பணிபுரிந்தவர். அந்நிறுவனத்தின் "டொய் ஸ்டோரி" திரைப்படத்துப் பாத்திரங்களின் பெயர்களே பதிப்புகளுக்குச் சூட்டப்பட்டன. இது வெறும் விளையாட்டன்று. ஆக்கத்திலிருக்கும் பதிப்புக்கு எண்ணைக் கொடுத்தால், அது முடிந்துவிட்டதென்று எவரும் மயங்கலாம். பொம்மையின் பெயரோ எதனையும் உரிமை கோருவதில்லை. பணி நிறைவுற்றதும் "நிலையானது" என்னும் பொருள்படும் "ஸ்டேபிள்" என்ற சுட்டு அப்பதிப்பை நோக்கித் திருப்பப்படும். என்றும் நிலைபெறாத பகுதிக்கு, பொம்மைகளை உடைக்கும் சிறுவனாகிய "சிட்" என்பவனின் பெயர் நிலைத்தமை பொருத்தமானதே.

இவ்வாறு ஒரே களஞ்சியத்துக்கு இருவகைப் பெயர்கள் உண்டாயின. ஒன்று பட்டப்பெயர் போன்றது. மற்றது இயற்பெயர் போன்றது. கல்வெட்டிற் பட்டப்பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பின் மன்னன் எவன் எனத் துணிதல் அரிது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். ஸ்டேபிள் என்று எழுதிவைத்த கணினி, புதிய பதிப்பு வெளியாகும் நாளில் உரியவர் எண்ணாமலே அடுத்த பதிப்பை நோக்கித் தாவக்கூடும். பிற்காலத்தில், சுட்டு மாறியதை உணர்த்தி, உரியவரின் ஒப்புதலைக் கேட்கும் வழக்கம் இற்றைப்படுத்தும் கருவியில் சேர்க்கப்பட்டது.

எனினும் இதனினும் நுண்ணிய மயக்கமொன்று நெடுங்காலம் நீடித்தது. 2019 இல் வெளிவந்த "பஸ்டர்" பதிப்பை நோக்குவோம். பாதுகாப்புத் திருத்தங்களுக்குரிய களஞ்சியம் "பஸ்டர்", சாய்கோடு, "அப்டேட்ஸ்" என எழுதப்பட்டது. பிற அவசரத் திருத்தங்களுக்குரியது "பஸ்டர்", இணைகோடு, "அப்டேட்ஸ்" என எழுதப்பட்டது. இடையிலுள்ள ஒரு குறி மட்டுமே வேறுபாடு! இரண்டாவதை எழுதிவிட்டு முதலாவதையே எழுதியதாக நம்பியிருந்தவரின் கணினி, பிற திருத்தங்களை ஒழுங்காகப் பெற்றுக்கொண்டிருக்கும்; பாதுகாப்புத் திருத்தமோ ஒன்றேனும் வந்து சேராது. குறை வெளியே தெரியாதிருத்தலே இதன் கொடுமை.

2021 ஆகஸ்ட் 14 இல் வெளிவந்த "புல்ஸ்ஐ" பதிப்பிலே இது திருத்தப்பட்டது. பாதுகாப்புக் களஞ்சியம் "புல்ஸ்ஐ-செகியூரிட்டி" எனத் தன் பணியைத் தானே கூறும் பெயரைப் பெற்றது. ஆயினும் தெளிவுக்கும் ஒரு விலை இருந்தது. பழைய கோப்பிற் பஸ்டர் என்னுமிடமெல்லாம் புல்ஸ்ஐ என மாற்றி எழுதிப் பழகியோர், இல்லாத களஞ்சியமொன்றின் முகவரியையே எழுதினர். இம்முறை கருவி வழுச் செய்தியொன்றைக் காட்டியது. மௌனமான தவறினும் உரத்த தவறு மேலானதன்றோ?

பொம்மைப் பெயர்களிலும் குறையில்லாமலில்லை. பஸ்டர், புல்ஸ்ஐ, 2023 இன் "புக்வோர்ம்" ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்திற் தொடங்குவன. எது முந்தியது என்பதைப் பெயர் காட்டாது. நிரலாளரின் விருத்திக் கருவியாகிய எக்லிப்ஸிலும் இச்சிக்கல் காணப்பட்டது. 2006 இல் வியாழனின் துணைக்கோளாகிய "கலிஸ்டோ"வின் பெயருடன் தொடங்கிய அதன் கூட்டு வெளியீடுகளில், 2009 இன் "கலிலியோ" களஞ்சியம் 3.5 ஆம் பதிப்புக்குரியது என்பதைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 செப்டெம்பரில் அக்கருவியினர் அலங்காரப் பெயர்களைக் கைவிட்டு, ஆண்டையும் மாதத்தையுமே பெயராக்கினர். டெபியன் குழுவினரோ பொம்மைகளைக் கைவிடவில்லை; 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பு "டிரிக்ஸி" எனப் பெயர்பெற்றது. அதன் பாதுகாப்புக் களஞ்சியம் "டிரிக்ஸி-செகியூரிட்டி" என்றே வழங்குகிறது.