காந்தா: பழைய சேலையிலிருந்து பட்டுச் சேலை வரை

காந்தா என்பது வங்காளப் பகுதியில், அதாவது இன்றைய வங்கதேசத்திலும் இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்திலும், பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்துச் செய்யப்படும் போர்வை, விரிப்பு, உறை முதலியவற்றைக் குறிக்கும் பெயராகும். உடுத்தி நைந்த துணியைக் கொண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் குடும்பத்தினருக்காக இவற்றைச் செய்தனர். பூக்களும் உருவங்களும் நிறையத் தைக்கப்பட்ட காந்தா, 'நக்சி காந்தா' எனப்படும். வரைவு அல்லது வடிவம் என்று பொருள்படும் 'நக்சா' என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

இன்று துணிக்கடைகளில் 'காந்தா சேலை' என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் புதிய பட்டிலோ பருத்தியிலோ செய்யப்பட்ட தையல் வேலையாகும். அதில் பழைய துணி எதுவும் இல்லை. பழந்துணியால் ஆன ஒரு பொருளின் பெயர், காலப்போக்கில் ஒரு தையல் முறையின் பெயராக மாறிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, அதனால் கிடைத்தது எது, கைவிட்டுப் போனது எது என்பதே காந்தா வரலாற்றின் முக்கியமான கேள்வியாகும்.

சொல்லும் பொருளும்

வடமொழியில் 'கந்தா' என்பது கந்தல் துணியையும், ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடையையும் குறிக்கும். வங்க மொழியின் 'காந்தா' அதிலிருந்து வந்தது. தமிழில் வழங்கும் 'கந்தை' என்ற சொல்லும் இதனோடு தொடர்புடையதே. வங்காளத்தில் ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்களும் பக்கீர்களும் பல நிறத் துண்டுகளை இணைத்துத் தைத்த மேலாடையை அணியும் வழக்கம் உண்டு. பற்றற்ற வாழ்வின் அடையாளமாகக் கந்தை அங்கு மதிக்கப்பட்டது. வீடுகளிலோ அது சிக்கனத்தின் அடையாளமாக இருந்தது.

பழந்துணியைத் தேர்ந்ததற்கான காரணங்கள்

ஆலைத் துணி பரவுவதற்கு முன்பு ஒரு சேலைக்குத் தேவையான நூலைக் கையால் நூற்றுத் தறியில் நெய்ய வேண்டியிருந்தது. அவ்வளவு உழைப்பில் வந்த துணியை, கிழிந்துவிட்டது என்பதற்காக யாரும் எறிந்துவிடவில்லை. ஆடையாக உடுத்த முடியாத துணி போர்வையாயிற்று. போர்வை நைந்தபின் துடைக்கும் துணியாகவோ வேறொரு காந்தாவின் உள் அடுக்காகவோ ஆயிற்று.

சிக்கனம் மட்டுமே காரணமன்று. பலமுறை துவைத்த பருத்தித் துணி மிகவும் மென்மையாக இருக்கும். ஊசி எளிதில் இறங்கும். வங்காளத்தின் குளிர்காலம் கடுமையானதன்று. மெல்லிய பருத்தித் துணியைச் சில அடுக்குகளாகச் சேர்த்தாலே போர்த்திக்கொள்ளப் போதுமானது. கம்பளியைப் போலன்றி, காந்தாவை வீட்டிலேயே துவைத்து உலர்த்தலாம்.

பிறந்த குழந்தையைப் பழந்துணிக் காந்தாவில் சுற்றி வைப்பது வங்காளத்தில் பொது வழக்கம். கந்தையில் கிடத்திய குழந்தையைக் கண்ணேறு தீண்டாது என்ற நம்பிக்கையும் இருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் பழைய நூல் சேலையில் தூளி கட்டுவதும், நைந்த வேட்டித் துண்டில் குழந்தையைக் கிடத்துவதும் இதோடு ஒப்பிடத்தக்கவை. புதுத்துணியின் முரட்டுத்தன்மை குழந்தையின் தோலுக்கு ஆகாது என்பது இரு இடத்துத் தாய்மார்களும் அறிந்த செய்தி.

செய்யும் முறை

முதலில் பழைய சேலைகளும் வேட்டிகளும் துவைத்து உலர்த்தப்படும். தேவையான அளவுக்குக் கிழித்து, வேண்டிய இடத்தில் இணைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிப்பர். நல்ல நிலையில் உள்ள துணி மேலும் கீழும் வரும். கிழிசலும் கறையும் உள்ளவை நடுவில் மறையும். சுருக்கங்களை நீவிவிட்டு, ஓரங்களில் கனமான பொருள்களை வைத்து, முதலில் விளிம்புகளைத் தைப்பர். பின்னர் அடுக்குகள் நகராமலிருக்க நீண்ட இழைகளை ஓட்டுவர். இதற்குப் பிறகு காந்தாவைச் சுருட்டி எடுத்துவைத்துக்கொண்டு, வீட்டு வேலைகளுக்கிடையே ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தைக்கலாம். இப்படி ஒரு நல்ல காந்தா முடியப் பல மாதங்கள் ஆகும். தாய் தொடங்கியதை மகள் முடித்ததும் உண்டு.

தைப்பதற்கான வண்ண நூலும் பழைய சேலையிலிருந்தே வந்தது. சேலையின் கரையில் உள்ள சிவப்பு, நீலம், கறுப்பு முதலிய இழைகளை ஒவ்வொன்றாக உருவி, வேண்டிய கனத்துக்குச் சேர்த்துப் பயன்படுத்தினர். வெண்மையான தரையில் இந்தச் சில நிறங்கள் மட்டும் எடுப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இதனால் ஒரு சேலை முழுவதுமே பயன்பட்டது: உடல் பகுதி அடுக்காகவும், கரை நூலாகவும் மாறின.

காந்தாவின் அடிப்படைத் தையல் ஓட்டுத்தையல். ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக மாறி மாறிச் செலுத்தும் இத்தையல், தையல் கற்கும் எவரும் முதலில் பழகுவது. வங்கப் பெண்கள் இந்த எளிய தையலைக் கொண்டே உருவங்களின் கோடுகளை வரைந்தனர். அவற்றின் உட்பகுதியை நிரப்பினர். உருவங்களைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் அதே தையலால் நெருக்கமாகத் தைத்தனர். வரிசை வரிசையாக இழை இழுக்கப்படும்போது துணி லேசாகச் சுருங்கி, நீர்ப்பரப்பில் எழும் சிற்றலை போன்ற தோற்றம் பெறும். பழைய காந்தாக்களைத் தொட்டுப் பார்த்தாலே இது புலப்படும்.

வகைகள்

பயன்பாட்டுக்கு ஏற்பக் காந்தாவின் பெயரும் அளவும் வேறுபடும்.

லேப்: குளிர்காலத்துக்கான தடித்த போர்வை.
சுஜனி: விருந்தினருக்கும் விசேட நாள்களுக்கும் விரிக்கும் பெரிய விரிப்பு.
பைத்தன்: நூல்களையும் மதிப்புள்ள பொருள்களையும் சுற்றி வைக்கும் சதுரத் துணி.
ஆர்சிலதா: கண்ணாடி, சீப்பு ஆகியவற்றைச் சுற்றும் நீளமான சிறிய உறை.
ஓயார்: தலையணை உறை.
துர்ஜனி: சதுரத் துணியின் மூன்று மூலைகளை உள்ளே மடித்துத் தைத்த பணப்பை.
ஆசன்: பூசையின்போதும் மணச்சடங்கிலும் அமர்வதற்கான விரிப்பு.

உருவங்கள் கூறும் செய்தி

பெரும்பாலான நக்சி காந்தாக்களின் நடுவில் பல இதழ்த் தாமரை ஒன்று இருக்கும். நான்கு மூலைகளிலும் மரமோ, 'கல்கா' எனப்படும் மாங்காய் வடிவமோ அமையும். வங்காளப் பெண்கள் அரிசி மாவுக் கரைசலால் தரையில் இடும் 'ஆல்பனா' கோலங்களுக்கும் இவ்வடிவங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இடைப்பட்ட இடங்களைப் பெண்கள் தங்கள் விருப்பப்படி நிரப்பினர். யானை, மயில், மீன், படகு, பல்லக்கு, தேர் ஆகியவற்றோடு சீப்பு, பாக்குவெட்டி போன்ற வீட்டுப் பொருள்களும் இடம்பெற்றன. 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் ஐரோப்பியரும் கூடக் காணப்படுகின்றனர். இந்து, முசுலிம் பெண்கள் இரு சாராரும் காந்தா தைத்தனர். முசுலிம் வீடுகளின் காந்தாக்களில் பூ, கொடி, கட்ட வடிவங்கள் மிகுதி. இந்து வீடுகளில் தெய்வ, மனித உருவங்களும் சேர்ந்தன.

இவற்றைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. விதிவிலக்காகக் கொல்கத்தாவின் தென்புறம் ஜோகா என்னுமிடத்தில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி என்ற பெண்ணின் காந்தா இருக்கிறது. அதைத் தன் தந்தைக்காகத் தைத்ததை எழுத்துகளாகவும் அவர் தைத்து வைத்திருக்கிறார். பெண்கல்வி அரிதாக இருந்த காலத்தில் வீட்டுப் பெண்கள் தாம் கண்டதையும் எண்ணியதையும் பதிவு செய்த சில இடங்களில் காந்தாவும் ஒன்று. எனவே கைவினைப் பொருளாக மட்டுமன்றி, சமூக வரலாற்றுச் சான்றாகவும் அறிஞர்கள் இதைப் பயில்கின்றனர்.

இச்சான்று நமக்குக் குறைவாகவே கிடைத்துள்ளது. காந்தா பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டது, பயன்படுத்தப்பட்டு அழிந்தது. இன்று எஞ்சியுள்ள பழைய காந்தாக்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசிய வணிகர் வங்காளத்திலிருந்து மெத்தைத் தையல் விரிப்புகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தனர். அவை புதிய பருத்தித் துணியில் டசர் பட்டு நூலால், விற்பனைக்கென்றே செய்யப்பட்டவை. வணிகப் பொருள் என்பதால் மாளிகைகளிலும் பின்னர் அருங்காட்சியகங்களிலும் காக்கப்பட்டன. அதே காலத்து ஏழை வீட்டுக் காந்தாக்கள் காக்கப்படவில்லை.

நலிவும் சேகரிப்பும்

ஆலைத் துணியும் கடையில் வாங்கும் போர்வையும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நக்சி காந்தா நலிவுற்றது. அந்நிலையில் சிலர் அதன் அருமையை உணர்ந்தனர். இந்தியக் குடிமைப் பணி அலுவலரும் 1932இல் பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கியவருமான குருசதய் தத் (1882–1941) கிராமங்களில் பணியாற்றியபோது காந்தாக்களையும் பிற நாட்டுப்புறக் கலைப்பொருள்களையும் திரட்டினார். மேற்கூறிய அருங்காட்சியகம் அவர் சேகரிப்பில் உருவானது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், காந்தா பற்றி 1939இல் கட்டுரை எழுதினார். அவர் சேகரித்த காந்தாக்கள் இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

இலக்கியத்திலும் காந்தா இடம்பெற்றது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்ற கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் தன் வாழ்க்கைக் கதையையே காந்தாவில் தைக்கிறாள். நக்சி காந்தா என்ற பெயர் படித்தவர்களிடையே பரவுவதற்கு இந்நூல் பெரிதும் உதவியது.

1947இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது, காந்தாவுக்குப் பெயர்பெற்ற ஜசோர், குல்னா, பரீத்பூர், ராஜசாகி முதலிய பகுதிகளின் பெரும்பாகம் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது.

புதுத்துணிக்கு மாற்றம்

மேற்கு வங்காளத்தில் சாந்திநிகேதன், சிறீநிகேதன் ஆகிய இடங்களில் இரவீந்திரநாத் தாகூர் குடும்பத்தினர் கைவினைப் பயிற்சியை ஊக்குவித்தனர். தாகூரின் மருமகள் பிரதிமா தேவி இதில் முன்னின்றார். வங்கதேசத்தில் 1971ஆம் ஆண்டு விடுதலைப் போருக்குப் பின், கணவரையும் வீட்டையும் இழந்த பெண்கள் வருவாய் ஈட்ட வழி தேவைப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த காந்தாத் தையலை வேலையாக மாற்றின. பிராக் அமைப்பின் 'ஆரோங்' விற்பனை நிறுவனம் 1978இல் தொடங்கப்பட்டது.

விற்பனைக்கு வந்தபோது காந்தாவின் மூலப்பொருள் மாறியது. பிறர் உடுத்திய துணியைப் பணம் கொடுத்து வாங்க மக்கள் தயங்கினர். எனவே புதிய துணி பயன்படுத்தப்பட்டது. பிறகு சேலை, துப்பட்டா, சட்டை என ஒற்றை அடுக்குத் துணியிலும் தைக்கத் தொடங்கினர். வடிவத்தை வரைபவர் ஒருவர், தைப்பவர் வேறொருவர் என வேலையும் பிரிந்தது. துளையிட்ட வரைதாளின் மேல் வண்ணக் குழம்பைத் தேய்த்து வடிவத்தைத் துணியில் பதிக்க, தைப்பவர் அக்கோடுகளின்மேல் ஊசியை ஓட்டுகிறார்.

இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. வீட்டை விட்டு வெளியே சென்று வேலை செய்ய இயலாத பல பெண்களுக்குத் தம் கையால் ஈட்டிய பணம் கிடைத்தது. மேற்கு வங்காளத்தின் நக்சி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. காந்தாக் கலைஞர்களான பிரீதிகணா கோஸ்வாமி 2023லும் தக்தீரா பேகம் 2024லும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பெயரின்றி மறைந்த தலைமுறைகளுக்குப் பின் காந்தா தைப்பவரின் பெயர் நாடறிய ஒலித்தது.

கைவிட்டுப் போனதும் உண்டு. முன்பு எந்த மூலையில் யானை, எங்கே படகு என்று தைப்பவரே முடிவு செய்தார். கூலிக்குத் தைக்கும்போது அவ்வுரிமை பெரும்பாலும் வடிவமைப்பாளரிடம் சென்றது. பல மாத உழைப்புக்குத் தக்க கூலி கிடைக்கிறதா என்ற கேள்வியும் எழுகிறது. தையல் நுணுக்கத்தை விட விரைவுக்கே மதிப்பு என்றானால் இழைகள் இடைவெளி விட்டு ஓடும்.

பழந்துணி மீண்டும் வருதல்

அண்மைக் காலத்தில் பழந்துணிக் காந்தாவுக்கு வெளிநாட்டுச் சந்தையில் தேவை ஏற்பட்டுள்ளது. பழைய சேலைகளை விலைக்கு வாங்கி, அடுக்கி, நேர்வரிசையில் ஓட்டுத்தையலிட்டு விரிப்புகளாக ஏற்றுமதி செய்கின்றனர். இச்சேலைகள் பழந்துணி வணிகர் வழியாக வருபவை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்து வாங்கும் வணிகம் தமிழ்நாட்டுத் தெருக்களும் நன்கறிந்ததே. இவ்வகை விரிப்பில் பழந்துணி இருக்கிறது. ஆனால் அது யாரோ உடுத்திய சேலை, யாரோ தைத்தது, யாரோ போர்த்துவது. பழைய காந்தாவில் தாயின் சேலை மகளின் குழந்தைக்குப் போர்வையாயிற்று.

ஒத்த மரபுகள்

பழந்துணியை அடுக்கித் தைக்கும் மரபு வங்காளத்துக்கு மட்டும் உரியதன்று. பீகாரின் சுஜனி, சிந்து மற்றும் இராசத்தான் பகுதிகளின் ரல்லி, கருநாடகத்தில் வாழும் சித்தி மக்களின் கவந்தி ஆகியவை இந்தியத் துணைக்கண்டத்தின் பிற எடுத்துக்காட்டுகள். சப்பானின் வட பகுதிகளில் ஏழை உழவர் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு உடுத்திய 'போரோ' ஆடைகளும் ஓட்டுத்தையலால் ஆனவையே. துணி அரிதாக இருந்த இடங்களில் எல்லாம் இத்தகைய முறை தோன்றியிருக்கிறது.

இன்றும் வங்காளக் கிராமங்களில் விற்பனைக்கன்றி வீட்டுக்காகவே பழைய சேலையில் காந்தா தைக்கும் பெண்கள் உள்ளனர். அவற்றில் தாமரையும் யானையும் இருப்பது அரிது. வரிசையாக ஓடும் இழைகளே மிகுதி. அருங்காட்சியகத்துக்கோ கடைக்கோ வராத இந்த எளிய காந்தாக்களே அச்சொல்லின் பழைய பொருளை இன்றும் காத்து வருகின்றன.